பெரியவர் எழுந்து கொடுத்த மூலை

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று என் வாயில் மிச்சமிருக்கும் ஏழு பற்களின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். எட்டாவது பல் போன வாரம் விழுந்துவிட்டது. அதன் மேல் செய்த பழைய சத்தியங்களுக்கு நான் பொறுப்பில்லை.

அப்போது நாங்கள் பூசானில், யோங்தோ தீவின் மேட்டில், ஹாம் பெரியவர் வீட்டில் மூன்றாம் அறையில் குடியிருந்தோம். பூசானில் பனி அதிகம் விழாது, காற்றுதான். அந்த டிசம்பரில் அடித்த காற்று கொடியில் கிடந்த என் கால்சட்டையைத் தூக்கிக்கொண்டுபோய் ஜப்பானில் போட்டது. மறுவாரம் எதிர்க்காற்றில் அது இஸ்திரி போட்டுத் திரும்பி வந்தது.

என் மனைவி ஒக்பூனுக்கு இருபத்தெட்டு வயது. காலணித் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் வேலை. மாதத்தில் மூன்று நாள் அவளுக்கு அடிவயிற்றில் வலி வரும். எப்படி வலிக்கிறது என்று கேட்டால், "ஈரத்துணிய முறுக்கிப் பிழியற மாதிரி இருக்குங்க. பிழிஞ்சாலும் பரவால்ல, காயப்போட மாட்டேங்கிறாங்க" என்பாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டினோம். கருப்பைக்குள் இருக்க வேண்டிய படலம் வெளியேயும் வளர்கிறது, எண்டோமெட்ரியோசிஸாக இருக்கும், வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் மருத்துவர். ஒரு மாட்டை விற்றால் அந்தச் செலவுக்கு ஆகும். எங்களுக்கு மாட்டெலும்பு சூப்புக்கே வழியில்லை. மருந்துக்கடைக்காரர் இரண்டிரண்டாகக் காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரையைச் சோறு தின்றவுடன், வலி முற்றுவதற்கு முன்பே போட்டுக்கொள்வாள். கடற்கரைக் கூழாங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி வயிற்றில் வைத்துக்கொள்வாள். அதற்கும் மேல் போனால் பல்லைக் கடிப்பாள். அது ஒன்றுதான் இலவசம்.

அந்த மாதம் அமெரிக்காவுக்குச் சரக்கு ஏற்ற வேண்டியிருந்தது. கப்பல் கிளம்பும்வரை ஒரு நாள் லீவு போட்டாலும் திரும்பி வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டான். அவளுடைய மூன்று நாளும் சரியாகக் கடைசி வாரத்தில் வந்து விழுந்தன. சாயங்காலம் முதல் விடியும்வரை சூடான தரையில் வயிற்றை வைத்துப் படுத்தால், பகலில் பத்து மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து தைத்துவிடுவாள். எங்கள் ஊர் வீடுகளில் அடுப்புப் புகை தரைக்கு அடியில் ஓடித்தான் தரையைச் சூடாக்கும். எங்கள் அறையிலோ அந்தப் பாதை வெடித்திருந்தது. நாங்கள் போடும் கரி, பக்கத்து அறைக்காரியான மீன்காரி ஜொம்நே அக்காவின் ஊறுகாய்ப் பானையைத்தான் சூடாக்கியது.

நல்ல சூடு அந்த வீட்டில் ஒரே இடத்தில்தான், பெரியவர் அறையில், அடுப்பை ஒட்டிய மூலையில். வீட்டில் மூத்தவருக்குத்தான் அந்த மூலை. பெரியவர் பதினெட்டு வருடம் படுத்ததில் தரையில் அவர் அளவுக்கு ஒரு பள்ளமே விழுந்திருந்தது, காதுமடல் உட்பட.

நான் போய்க் கேட்டேன். "ஐயா, மூணு நாளைக்கு மட்டும் அந்த மூலைய என் சம்சாரத்துக்கு..."

"எனக்கு எழுபத்தோரு வயசு. என்னைவிட மூத்தவங்க யாராவது வரட்டும், எந்திரிக்கிறேன்."

முற்றத்தில் மீன் செதில் உரசிக்கொண்டிருந்த ஜொம்நே அக்கா, "இவரவிட மூத்தவங்க எல்லாரும் மலையிலதான் படுத்திருக்காங்க. தோண்டித்தான் எடுத்துட்டு வரணும்" என்றாள்.

எங்கள் பெண்கள் கல்யாணம் ஆனாலும் அப்பன் குலப்பெயரை விடுவதில்லை. ஆனால் அதை யாரும் கேட்பதும் இல்லை. அந்த வீட்டில் அவள் வெறும் மூன்றாம் அறைக்காரிதான்.

"அவளும் ஹாம் வீட்டுப் பொண்ணுதான் ஐயா. கொஞ்சம் இரக்கப்படக் கூடாதா?" என்றேன்.

பெரியவர் தலையைத் தூக்கினார். "எந்த ஹாம்? அவ அப்பா பேரு?"

"ஹாம் சொக்ஹோ."

பெட்டியிலிருந்து வம்சப் புத்தகம் வெளியே வந்தது. பெரியவர் விரல்விட்டு எண்ணினார். பிறகு மற்றக் கையில் தொடங்கி எண்ணினார். என் விரலையும் வாங்கி எண்ணினார். எந்தக் கையில் எண்ணினாலும் ஒக்பூனின் அப்பாவும் பெரியவரின் கொள்ளுத்தாத்தாவும் ஒரே தலைமுறை. குலத்தில் யார் மூத்தவர் என்பதை வயது சொல்லாது, தலைமுறைதான் சொல்லும்.

அவர் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு எங்கள் கதவுக்கு வெளியே மண்டியிட்டார். "அத்தைப் பாட்டி, இங்க குளிருது. என் அறைக்கு வாங்க."

சுருண்டு கிடந்த ஒக்பூன், "யாரைக் கூப்பிடுறீங்க ஐயா?" என்றாள்.

"ஐயான்னு சொல்லாதீங்க, எனக்குப் பாவம் சேரும். பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

"கூப்பிடேன்டி," என்றாள் ஜொம்நே அக்கா. "இந்த ஜென்மத்துல இப்படி இன்னொரு பேரன் கிடைக்க மாட்டான்."

மூன்று நாள் ஒக்பூன் அந்தப் பள்ளத்தில் படுத்தாள். பாட்டிக்குச் சூடு குறைந்தது என்று குலத்தில் பேச்சு வந்துவிடக் கூடாதென்று பெரியவர் கரிக்கட்டிகளை இரட்டிப்பாக்கினார். போர்வைக்கடியில் மறந்துபோய் வைத்த முட்டைகள் இரண்டாம் நாளே குஞ்சு பொரித்தன. எங்கள் புகைபோக்கியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்து ஒரு சரக்குக் கப்பல் முட்டைக்கோஸ் பாத்திவரை வந்துவிட்டது.

பெரியவர் குளிர்ந்த பக்கத்தில் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் வலி உச்சத்துக்குப் போனது. கூழாங்கல் சுட்டது, மாத்திரை கேட்கவில்லை, ஒக்பூன் போர்வையைக் கடித்துக்கொண்டு முனகினாள். பெரியவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, அவள் முனகுவது யார் காதிலும் விழாதபடி, அது அடங்கும்வரை விடாமல் இருமினார். பிறகு, "இப்ப எப்படி இருக்கு, அத்தைப் பாட்டி?" என்றார்.

"காயப்போட்டுட்டாங்கப்பா," என்றாள் அவள்.

ஒரு நாள்கூட லீவு போடாமல் தைத்து முடித்தாள். கப்பல் கிளம்பியது, அவள் வேலை நிலைத்தது. அதன்பிறகு மாதாமாதம் அந்த மூலை அவளுக்குத்தான்.

ஒக்பூன் போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது நான் இருக்கும் அடுக்குமாடியில் எரிவாயுவில் தரை முழுவதும் ஒரே சூடு. யாரும் எழுந்து யாருக்கும் இடம் கொடுக்க வேண்டியதில்லை. கரிப்புகையும் கடற்பாசிச் சூப்பும் கலந்த அந்த வாசனைக்காகச் சில நாள் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். வருவதென்னவோ காற்றுதான்.

உண்மையைச் சொன்னால், அந்தக் குளிர்காலமும் அதற்கு முந்தியதும் நான் அந்த வீட்டிலேயே இல்லை, சமோவாவுக்கு அப்பால் சூரை மீன் பிடிக்கும் கப்பலில் இருந்தேன். ஒக்பூன் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் தன்னைப் பற்றி இருந்தது ஒரே வரிதான், அறை சூடாக இருக்கிறது என்று.