சின்ன வட்டம், பெரிய வட்டம்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில், இடம் காட்டும் கம்பெனியிலிருந்து வந்திருந்த அவளுக்கு வைத்த பேர் 'வட்டம்'. வைத்தவர் ஷிப்ட் மேற்பார்வையாளர். வந்த முதல் நாளே சுவர்த் திரையைக் காட்டி, "அண்ணே, கூப்பிடறவங்க ஃபோன் எங்க இருக்குன்னு இந்த நீல வட்டம் சொல்லும். பெருசா இருந்தா சந்தேகப்படுங்க. சின்னதா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வண்டிய அனுப்புங்க, நான் பொறுப்பு" என்று அவள் அடித்துச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு அது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சொந்தச் சரக்கின் மேல் நம்பிக்கை இல்லாதவள் அடுத்தவன் ஆபீசில் வந்து இப்படி நாற்காலி போட்டு உட்காருவாளா?

சரக்கு இதுதான். கட்டடத்துக்குள் இருக்கும் ஃபோனுக்குச் செயற்கைக்கோள் சரியாக எட்டாது. ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை ரவுட்டர்கள் ஒவ்வொன்றும் 'நான் இங்க இருக்கேன், நான் இங்க இருக்கேன்' என்று ஓயாமல் கூவிக்கொண்டே இருக்கும். எது எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவளுடைய கம்பெனி ஊர் பூராவும் கார் விட்டுக் குறித்து வைத்திருக்கிறது. ஃபோனுக்கு எந்த ரவுட்டரின் கூச்சல் பலமாகக் கேட்கிறதோ, அதன் பக்கத்தில் ஃபோன் இருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஓர் அழைப்பு. மேற்பார்வையாளரே எடுத்தார்.

"ஐயா, என் மருமகளுக்கு வலிப்பு. வெட்டி வெட்டி இழுக்குது. எட்டு மாசக் கர்ப்பம். கூப்பிட்டா பேச்சு இல்ல. சீக்கிரம் வாங்கய்யா." வயதான ஆண் குரல், மூச்சு வாங்கியது.

"எந்த இடம் பெரியவரே?"

"தெரியாதுப்பா. மகன் நேத்துதான் கூட்டிட்டு வந்தான். எனக்குக் கண்ணும் தெரியாது. அவன் காலைல விமானம் ஏறிட்டான், ஃபோன் போகல. வாசல்ல நின்னு கத்திப் பாத்துட்டேன், ஒரு ஈ காக்கா இல்ல."

மேற்பார்வையாளர் திரையைப் பார்த்தார். வட்டம் ஒரே ஒரு வீட்டின் மேல் பொட்டு வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. "பரவாயில்லைங்க, வீடு இங்க தெரியுது. பொண்ணை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க. வண்டி கிளம்பிடுச்சு, லைன்லயே இருங்க" என்றவர், அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையெல்லாம் வண்டி போய்ச் சேரும் வரைக்கும்தான்.

"அண்ணே, வீடு பூட்டிக் கிடக்கு" என்று ரேடியோவில் ஓட்டுநர் கத்தினார். "வாசல்ல 'வாடகைக்கு'ன்னு போர்டு தொங்குது. காலி பண்ணிட்டுப் போயாச்சுன்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க. எங்க போனாங்கன்னு தெரியாதாம்."

மேற்பார்வையாளர் அவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா இது? கண்ணை மூடிக்கிட்டு அனுப்பச் சொன்னே, அனுப்பிட்டேன். இப்ப எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது?"

உட்கார்ந்து அழ இது நேரமா? "அதை இங்க குடுங்கண்ணே" என்று ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"ஐயா, உங்க மகன் வீடு மாத்தினாரா?"

"ஆமாம்மா, போன வாரம்."

"பழைய வீட்டு இன்டர்நெட் பெட்டியையும் கொண்டு வந்துட்டாரா?"

"எல்லாத்தையும்தான் மூட்டை கட்டிட்டு வந்தான். துடைப்பத்தைக்கூட விடல. அது எதுக்கும்மா இப்ப?"

அட, இவ்வளவுதானா! ரவுட்டர் வீடு மாறிவிட்டது, கம்பெனிக் கணக்கில் இன்னும் மாறவில்லை. புது வீட்டில் உட்கார்ந்துகொண்டு பழைய விலாசத்தைத் தொண்டை கிழியக் கத்துகிறது. மற்ற ரவுட்டர்கள் முனகுவது அந்தக் கூச்சலில் எங்கே எடுபடப் போகிறது?

"அண்ணே, அந்த ரவுட்டரைப் பிடுங்கச் சொல்லப் போறேன்" என்றாள். "அது வாயை மூடினா, எதிர்ச் சாரிக் கடை, அடுத்த கட்டடம்னு தூரத்துல கேக்கறதை வெச்சு ஃபோன் புது இடத்தைக் கணக்குப் போட்டுடும்."

"பிடுங்கினா பேச்சும் போயிடும்மா! இது வைஃபை வழியா வர்ற கால். டவர் சிக்னல் அங்க ஒரு கோடுகூட உருப்படியா இல்ல. கையில இருக்கற ஒரே கயித்தையும் அறுக்கச் சொல்றியே! உங்க ஆபீசைக் கூப்பிட்டு அந்த ஒரு ரவுட்டரைக் கணக்குலேர்ந்து நீக்கச் சொல்லேன்."

"அங்க ஆளைப் பிடிச்சு, புரிய வெச்சு, நீக்கி முடிக்கறதுக்குள்ள பொண்ணு போய்ச் சேந்துடுவா. பேச்சு போனா போகட்டும்ணே. இடத்தை ஃபோன் தானாவே குறுஞ்செய்தியா அனுப்பிடும். பேச முடியாத சிக்னல்லகூட அது எப்படியாவது நுழைஞ்சு வந்துடும்."

"வரலைன்னா?"

வரவில்லை என்றால், பார்வையில்லாத ஒரு மனிதரும் நினைவில்லாத ஒரு பிள்ளைத்தாய்ச்சியும் யாருக்கும் தெரியாத ஒரு வீட்டில் கிடப்பார்கள். அதை அவள் நினைக்காமல் இல்லை. நினைத்தாள், பயந்தாள்.

"வரும்ணே" என்றாள்.

அவர் தடுக்கவில்லை. அவள் பெரியவரிடம் சொன்னாள். அவர் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார். "ஏம்மா, இங்க உசிரு ஊசலாடுது, நீ பெட்டியைப் பிடுங்குன்னு சொல்றே! புத்தி கித்தி பிசகிப் போச்சா?"

"பிசகலப்பா. அந்தப் பெட்டிதான் எங்களைத் தப்பான வீட்டுக்கு அனுப்பிடுச்சு. அப்புறம் திட்டுங்க, வாங்கிக்கறேன். முதல்ல சமையல்கட்டுல பெருசா ஒரு பாத்திரமும் கரண்டியும் எடுத்துக்குங்க. பெட்டியைப் பிடுங்கினதும் ஃபோன் கட்டாகும், பயப்படாதீங்க. ஃபோனைச் சட்டைப் பையில போட்டுட்டு, கதவை விரியத் திறந்து வெச்சு, வாசல்ல நின்னு விடாம தட்டுங்க. மேப் தெருவரைக்கும்தான் கொண்டு வந்து விடும். வீட்டை நாங்க காதால கண்டுபிடிச்சுக்கறோம்."

சுவரைத் தடவிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. பாத்திரங்கள் உருண்டன. "இது ஃப்ரிட்ஜ்... இது மேஜை... இந்தா, ரெண்டு கொம்போட சூடா ஒண்ணு இருக்கு."

"அதேதான். பிடுங்குங்கப்பா."

லைன் செத்தது.

பழைய வீட்டு மேல் வட்டம் அசையாமல் கிடந்தது. மேற்பார்வையாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். 'வந்து தொலையேன், தாயே, வந்து தொலை' என்று அவள் திரையைப் பார்த்து முணுமுணுத்தாள். திடீரென்று வட்டம் மறைந்தது. ஊரின் மறுகோடியில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று முளைத்தது. நாலைந்து தெருக்களை விழுங்கி ஏப்பம் விட்ட மாதிரி அவ்வளவு பெரிசு.

"பெருசா இருந்தா சந்தேகப்படுன்னு நீதானேம்மா சொன்னே?"

"நான்தான் சொன்னேன். இப்ப நம்புங்கன்னு சொல்றதும் நான்தான். அந்தச் சின்ன வட்டம் ஒருத்தன் பேச்சை மட்டும் கேட்டுச் சொன்னது. இது நாலு பேரை விசாரிச்சுட்டு வந்து சொல்லுது."

அவர் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். மைக்கை எடுத்து அந்தப் பக்கம் நின்ற இன்னொரு வண்டியை விரட்டினார்.

வண்டி வட்டத்துக்குள் நுழைந்ததும் அவளே பேசினாள். "சைரனை நிறுத்துங்க. எஞ்சினையும் அணைச்சிடுங்க. கண்ணாடியை இறக்கிட்டுக் காதைத் தீட்டிக்குங்க."

"எல்லாம் புதுக் கட்டடம் அக்கா" என்றார் அந்த வண்டி ஓட்டுநர். "பாதிக்கு ஆளே குடி வரல. நாய் குரைக்குது, எங்கயோ கலவை மிஷின் ஓடுது. வேற ஒண்ணும் கேக்கல."

"அடுத்த தெருவுக்குப் போய்க் கேளுங்க."

அங்கேயும் இல்லை. அதற்கடுத்த தெருவில் ஓட்டுநர் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "இருங்க, இருங்க. டங்கு டங்குன்னு... யாரோ அண்டாவை உடைக்கற மாதிரி... அக்கா, கேக்குது! இடது பக்கம்!"

அதற்கப்புறம் ரேடியோவில் ஓடும் கால்கள், ஸ்ட்ரெச்சர் சக்கரம், யாரோ யாரையோ விலகச் சொல்லும் குரல். கடைசியில் ஓட்டுநர் குரல் வந்தது. "ஊசி போட்டாச்சு, இழுப்பு நின்னுடுச்சு. கண்ணைத் திறந்து பாக்கறாங்க. குழந்தையோட துடிப்பும் கேக்குதாம்."

மேற்பார்வையாளர் பொத்தென்று நாற்காலியில் விழுந்தார்.

"ஆனா அக்கா, பெரியவர் தட்டறதை நிறுத்த மாட்டேங்கறார். தோளைத் தொட்டுச் சொல்லியாச்சு, வண்டியைத் தொட்டுப் பாக்கச் சொல்லியாச்சு. ம்ஹூம். போன தடவையும் வீடு தெரியுதுன்னுதானே சொன்னீங்க, அந்தப் பொண்ணு வந்து சொல்லட்டும்ங்கறார்."

"ரேடியோவை அவர் காதுகிட்ட வைங்க" என்றாள். டங்கு டங்கு என்று அறை முழுவதும் அதிர்ந்தது.

"அப்பா, நான்தான். வந்துட்டாங்க. போதும்ப்பா, கரண்டியைக் கீழ வைங்க."

இன்னும் ஓர் அடி விழுந்தது. பிறகு நின்றது.

"ஏம்மா," என்றார் அவர், "இந்தத் தடவை சரியான வீடுதானே?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. மேற்பார்வையாளர் அவள் கையிலிருந்து மைக்கை மெல்ல வாங்கி, "உங்க வீடுதாங்க ஐயா" என்றார்.