ரிப்பேர் வேணி

திருச்சியில் துவாக்குடி பக்கம் போய் வேணி என்று கேட்டால் எந்த வேணி என்பார்கள். ரிப்பேர் வேணி என்று கேட்டுப் பாருங்கள், கையிலிருக்கும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அந்தம்மாவா?" என்று ஒரு மாதிரி இழுப்பார்கள். அந்தப் பெயரை யாரும் ஆசையாக வைக்கவில்லை. பாய்லர் குழாய்களை வெல்டிங் பண்ணியதும் ஒவ்வொரு இணைப்பையும் எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, உள்ளே கசடு தங்கியிருக்கிறதா, காற்றுக் குமிழி இருக்கிறதா, விரிசல் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் வேணியின் வேலை. சரியாக இருந்தால் ஓகே. இல்லையென்றால் ரிப்பேர் என்று எழுதிவிடுவாள். எழுதினால் எழுதியதுதான். போட்ட வெல்டர் தன் கையாலேயே அதை கிரைண்டர் வைத்து அறுத்தெடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதைச் செய்கிறவரிடம் போய் வேணியைப் பற்றி நல்ல வார்த்தை கேட்க முடியுமா?

இப்படிப் பதினொரு வருடம். போன பொங்கலுக்கு லீவு விட்ட கம்பெனி, லீவு முடிந்தும் திறக்கவில்லை. ஆர்டர் இல்லை என்று வாட்ஸப்பில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். வேணி தெரிந்த இடத்திலெல்லாம் விண்ணப்பம் போட்டாள். பதில் வந்தது ஒரே ஒரு இடத்திலிருந்து, அதுவும் குஜராத்தில். நல்ல வேலைதான், நல்ல கம்பெனிதான். மாதம் முப்பத்தொன்றுக்குள் வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். கணவன் அரவிந்தனுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் உத்தியோகம், அதை விட்டு வர முடியாது. மகள் குழலிக்கு ஒன்பது வயது. அம்மா மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் வந்து போவாள் என்று அவளிடம் யார் சொல்வது? புருஷனும் பெண்டாட்டியும் அந்தப் பொறுப்பை ஒருவர் தலையில் ஒருவர் தள்ளிக்கொண்டே இருபத்து மூன்றாம் தேதி வரைக்கும் வந்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் நாத்தனார் பானு களத்தில் இறங்கினாள். பானுவுக்கு ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் வீடு. புடவைக் கடை, மெஸ், யோகா கிளாஸ் என்று நாலைந்து பேருக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் நடத்திக் கொடுக்கிறாள். அவளுக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்பது அவளுடைய அபிப்பிராயம்.

"அண்ணி, நீங்க வேலை தேடிப் போறதாவது! வேலைதான் உங்களைத் தேடி வரணும். அதுக்கு ஒரு பிராண்ட் வேணும். லிங்க்ட்இன்ல உங்க பக்கத்தைப் பாத்தேன். நாலு வருஷமா பல் விளக்காத மாதிரி கெடக்கு."

"எனக்கு அதெல்லாம் வராது பானு."

"உங்களுக்கு எதுக்கு வரணும்? நான் எதுக்கு இருக்கேன்?"

மறுநாள் சாயங்காலம் வேணியைக் காவிரிப் பாலத்தில் நிறுத்திவிட்டாள். உடம்பில், பானுவின் வீட்டுக்காரர் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டு. தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. கையைக் கட்டு, கன்னத்தைத் திருப்பு, தூரத்தில் மலைக்கோட்டையைப் பார்த்துச் சிரி என்று ஒரே அதிகாரம். போகிற பஸ்ஸிலிருந்து ஒருவர், "எந்த டிவில வரும்?" என்று கத்திக் கேட்டார். வேணிக்கு ஆற்றில் குதித்துவிடலாமா என்றிருந்தது. தண்ணீரும் முழங்கால் அளவுதான் ஓடியது, அதனால் கையைக் கட்டிக்கொண்டு சிரித்து வைத்தாள்.

பிறகு பானு எழுதியதைப் படித்துக் காட்டினாள். "வேணி அரவிந்தன். எக்ஸ்ரே நிபுணர். கண்ணுக்குத் தெரியாத கோளாறை உள்ளே புகுந்து கண்டுபிடிப்பவர். ஒரு லட்சம் எக்ஸ்ரேக்களைப் பார்த்த அனுபவம். எப்படி இருக்கு?"

"வெல்டிங்னு ஒரு இடத்துலயும் வரலையே?"

"வெல்டிங்னு போட்டா கிரில் கேட்டு அடிக்கிற கடைன்னு நெனைச்சுக்குவாங்க."

"ரிப்பேர்னு தான எல்லாரும் என்னைய..."

"ஐயோ அண்ணி! அந்த வார்த்தையை வாயில எடுக்காதீங்க. மிக்ஸி கொண்டு வந்து குடுத்துட்டுப் போயிருவாங்க."

சரி, போட்டுவிடு என்றாள் வேணி. படித்தவள், நாலு பேருக்குச் செய்து கொடுக்கிறவள், அவளுக்குத் தெரியாதா என்று ஒரு நினைப்பு. இரும்புக்குள் இருக்கிற விரிசலைக் கண்டுபிடிக்கிறவளுக்கு எதிரே இருந்த இந்த ஓட்டை கண்ணில் படவில்லை பாருங்கள்.

இருபத்தேழாம் தேதி போன் வந்தது. தில்லை நகரிலிருந்து பேசுகிறார்களாம். அவர்கள் சொன்ன நீளமான பெயர் 'இமேஜிங் சொல்யூஷன்ஸ்' என்று முடிந்தது. "உங்க ப்ரொஃபைல் பாத்தோம் மேடம். எக்ஸ்ரே பாக்கறதுக்கு ஆள் வேணும். நாளைக்கு வர முடியுமா?" வேணி போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே ஒரு சுற்று சுற்றினாள். திருச்சியிலேயே வேலை! பானுவுக்குப் போன் போட்டாள். "நான் சொன்னேனா இல்லையா அண்ணி? சொன்னேனா இல்லையா?" என்று அவள் அங்கே குதித்தாள். அரவிந்தன் கால் கிலோ அல்வா வாங்கி வந்துவிட்டான்.

மறுநாள் மாடி ஏறும்போது படியெல்லாம் கட்டுப்போட்ட காலும் தொட்டில் கட்டிய கையுமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேணிக்குச் சந்தேகமே வரவில்லை. தில்லை நகரில் எந்த மாடிக்குப் போனாலும் ஒரு கிளினிக்கைத் தாண்டித்தானே போக வேண்டும். உள்ளே தஹ்ஸீன் என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், கறாரான முகம்.

"ஒரு நாளைக்கு எத்தனை படம் பாப்பீங்க?"

"நாப்பது, அம்பது பாப்பேன் மேடம்."

"எந்த மாதிரி கேஸ் அதிகம் வரும்?"

"பெரும்பாலும் ட்யூப்தான் மேடம்."

"ட்யூபா? ஐசியூ கேஸா?"

"அது தெரியல மேடம். பயங்கர சூட்டுல இருக்கறது. பிரஷர் வேற ஜாஸ்தி. கொஞ்சம் அசந்தாலும் வெடிச்சிரும்."

தஹ்ஸீன் கண்ணாடியைக் கழற்றினார். "விரிசல் இருக்குன்னு வைங்க. என்ன சொல்லுவீங்க?"

"யோசிக்கவே மாட்டேன் மேடம். அந்த இடத்தை அறுத்து எறிஞ்சிட்டு மறுபடி ஒட்டச் சொல்லிருவேன். சரியா ஒட்டலைன்னா திரும்பவும் அறுக்க வேண்டியதுதான்."

அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாக ஒரு படத்தை எடுத்து வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். ஒரு மனிதனின் தோளும் நெஞ்சும், வரிசையாக விலா எலும்பும். வேணி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், எழுந்து கிட்டப் போயும் பார்த்தாள்.

"மேடம், இதுல வெல்டிங் எங்க இருக்கு?"

எல்லாம் விளங்கியபோது வேணிக்குக் காது வரைக்கும் சுட்டது. தஹ்ஸீன் மேஜையில் கவிழ்ந்து படுத்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்து, துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். நர்ஸ் ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். "மன்னிச்சிருங்க மேடம், உங்க நேரத்தைக் கெடுத்துட்டேன்" என்று பையை எடுத்த வேணி, வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். பதினொரு வருடப் பழக்கம், வாயைக் கட்ட முடியவில்லை.

"தோள்கிட்ட ஒரு கோடு இருக்கே, அது எலும்புல இல்ல மேடம். படம் எடுக்கற பிளேட்ல விழுந்த கீறல். அதே பிளேட்ல எடுத்த வேற படம் இருந்தா பாருங்க, அதே எடத்துல இருக்கும்."

தஹ்ஸீனின் சிரிப்பு நின்றது. "அது நாங்களா டெஸ்டுக்கு வச்சிருக்கற படம். அந்த பிளேட்டைத் தூக்கிப் போட்டு ஒரு வருஷம் ஆச்சு. உங்களுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் எலும்பு முறிவுன்னு சொன்னாங்க." அவர் பெருமூச்சு விட்டார். "இந்தப் படிப்பு இல்லாம உங்களை நான் எடுக்க முடியாதும்மா. ஆசையா இருக்கு, ஆனா முடியாது. இருங்க, டீயாவது குடிச்சிட்டுப் போங்க."

டீ நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான் அழுகை வந்தது. இன்னும் மூன்றே நாள். இன்று ராத்திரி குழலியிடம் சொல்லிவிட வேண்டும். போனை எடுத்துப் பார்த்தால் மணப்பாறையிலிருந்து யாரோ ஒருவர் தன் மாமியாருடைய முழங்கால் எக்ஸ்ரேயை அனுப்பி, 'கால் எப்ப சரியாகும் டாக்டர்?' என்று கேட்டிருந்தார். அதற்கு மேலே, கோட்டுப் போட்டுக்கொண்டு மலைக்கோட்டையைப் பார்த்துச் சிரிக்கும் அந்தப் பெண். யாரடி இவள் என்று வேணிக்குக் கோபம் கோபமாக வந்தது.

வீட்டுக்கு வந்து முகம் கழுவி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். பானு எழுதியதை முழுக்க அழித்தாள். முழங்காலை நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்லி மணப்பாறைக்காரருக்குப் பதில் போட்டாள். பிறகு தில்லை நகரில் நடந்ததை நடந்தபடியே, ட்யூப், சூடு, அறுத்து எறிவது ஒன்று விடாமல் எழுதினாள். கடைசியில் இப்படி முடித்தாள்: "நான் வெல்டிங் எக்ஸ்ரே மட்டும்தான் பார்ப்பேன். துவாக்குடியில் என்னை ரிப்பேர் வேணி என்பார்கள். தப்பாக இருந்தால் ரிப்பேர் போடுவேன், யார் வந்து கேட்டாலும் மாற்ற மாட்டேன். எனக்கு திருச்சியில் வேலை வேண்டும்." ஸ்கூல் விட்டு வந்த குழலி ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தாள். பழைய காட்டன் சுடிதார், கையில் படம் பார்க்கிற பூதக்கண்ணாடி, அதற்குள் பெரிதாகத் தெரிந்த ஒரு கண்.

காலையில் பானு போனில் கத்தினாள். "யாரைக் கேட்டு அண்ணி அதைப் போட்டீங்க? நானே சிரிச்சுச் சிரிச்சு... அது இருக்கட்டும், கீழ என்ன எழுதியிருக்காங்கன்னு பாத்தீங்களா?"

பார்த்தாள். துவாக்குடியே திரண்டு வந்திருந்தது. முக்கால்வாசிப் பேர் திட்டித்தான் எழுதியிருந்தார்கள், ஆனால் சிரித்துக்கொண்டே திட்டியிருந்தார்கள். நடுவில் வீரமலை என்று ஒரு பெயர். பழைய கம்பெனி வெல்டர். தீபாவளிக்கு முதல் நாள் ரிப்பேர் போட்டாள் என்று அவளோடு ஆறு மாதம் பேசாமல் இருந்த ஆள். அவர் எழுதியிருந்தார்: "மேடம் என் ஜாயிண்டுக்குப் போட்ட ரிப்பேருக்குக் கணக்கே கிடையாது. ஒரு தடவை கூட ஈவு இரக்கம் பார்த்ததில்லை. ஆனா நான் வெல்டிங் போட்ட பாய்லர் ஒண்ணு கூட இன்னிக்கு வரைக்கும் ஒழுகினதில்லை. அது என் கையால மட்டும் இல்லைன்னு எனக்குத் தெரியும்."

வேணி அதை மூன்று முறை படித்தாள். பஸ்ஸில் வந்த அழுகை வேறு, இது வேறு. "என்னம்மா, வேலை கிடைச்சிருச்சா?" என்று குழலி கேட்டாள். வேணி இல்லை என்று தலையாட்டிக்கொண்டே சிரித்தாள்.

பத்து மணிக்கு ஜேக்கப் கூப்பிட்டார். துவாக்குடியில் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர். பழைய கம்பெனிக்கு வேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். அவருடைய லோடு மூன்று முறை வேணியின் கையால் திரும்பிப் போயிருக்கிறது.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை கோயில்ல மண்டி போட்டுக்கிட்டுக் கூட உன்னைத் திட்டியிருக்கேன், தெரியுமா? ஃபாதர் கிட்ட வேற சொல்லி மன்னிப்புக் கேக்க வேண்டியதாப் போச்சு."

"சொல்லுங்க சார்" என்றாள் வேணி, என்ன வரப்போகிறதோ என்று.

"வெளிநாட்டு ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. எங்க கிட்டயே படம் பாக்கற ஆள் இருக்கணும்னு கண்டிஷன். ஓகே போடற ஆள் ஊர் பூரா கெடைக்கறாங்க. எனக்கு ரிப்பேர் போடற ஆள் வேணும். திங்கக்கிழமை வந்துரு. குஜராத்து கிஜராத்துன்னு கெளம்பிறாத."

"நான் குஜராத் போறது உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

"வீரமலை சொன்னான். டீக்கடையில பேசிக்கிட்டாங்களாம். அவன் இப்ப எங்கிட்டதான இருக்கான். நேத்துலேருந்து என் உசிரை வாங்கறான், அந்தம்மாவைக் கூப்பிடு, அந்தம்மாவைக் கூப்பிடுன்னு."

குஜராத்துக்கு அன்றைக்கே மரியாதையாக ஒரு மறுப்பு போயிற்று. குழலியிடம் சொல்ல வேண்டிய விஷயமே இல்லாமல் போய்விட்டது. அன்று அல்வா அரைக் கிலோ.

திங்கட்கிழமை காலை ஜேக்கப்பின் பட்டறையில், புது மேஜை, புது வெளிச்சப் பெட்டி. வேணி முதல் படத்தை மாட்டினாள். ஓரத்தில் வெல்டரின் பெயர்: வீரமலை. மனசுக்குள் சாமியை வேண்டிக்கொண்டுதான் பார்த்தாள். ஒரு பக்கம் சுத்தம். இன்னொரு பக்கம், வெல்டிங்கின் அடி ஓரத்தில், அரிசி நீளத்துக்குக் கசடு.

பூதக்கண்ணாடியை வைத்து மறுபடி பார்த்தாள். அரிசி அரிசியாகத்தான் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வீரமலை எதையோ துடைப்பது போல நின்றுகொண்டு இவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் மட்டும் ஜேக்கப்பை நச்சரிக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு இவள் குஜராத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருப்பாள்.

வேணி பேனாவை எடுத்தாள். ரிப்பேர் என்று எழுதினாள்.

"ஆரம்பிச்சிட்டாங்கய்யா!" என்று வீரமலை போட்ட சத்தத்தில் பட்டறை முழுக்கச் சிரித்தது. "முதல் நாளும் அதுவுமா, முதல் படம் மேடம்! ஒரு நன்றி வேணாமா?"

"நன்றி வேற, இது வேற" என்றாள் வேணி. "அறுத்துட்டு வாங்க, மத்தியானம் அல்வா தரேன்."

வீரமலை முணுமுணுத்துக்கொண்டே போய் கிரைண்டரை எடுத்தார்.