பின்னிருக்கை

மனைவி லவினியாவின் உதடுகளை யூட்சன் பஞ்சுக்குச்சியால் நனைத்துக்கொண்டிருந்தபோது கைபேசி மேசையில் அதிர்ந்தது. அன்னாசிச் சாற்றில் தோய்த்த பஞ்சு. தண்ணீரைவிட அவளுக்கு அது பிடித்திருந்தது. அவன் கைபேசியை எடுக்கவில்லை. அது அதிர்ந்து அதிர்ந்து மேசையின் ஓரம்வரை நகர்ந்து நின்றது.

“வீகாண்டோ?” என்றாள்.

கண் திறக்கவில்லை. காலையிலிருந்து அவள் பேசிய முதல் சொல் அதுதான்.

“ஓம்.”

“எடுக்கிறதுதானே.”

“பிறகு எடுக்கிறன்.”

கட்டிலின் மறுபக்கத்தில் அவளுடைய தாய் பிறேமா செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். ஜேர்மனியின் பான் நகரில் இருந்த அந்த மருத்துவமனையில், இனி வீடு திரும்பாதவர்களுக்கான மாடியில் மட்டும் நல்ல திரைச்சீலைகள் போட்டிருந்தார்கள். கீழே தரிப்பிடத்தில் ஒரு காரின் கண்ணாடியில் உலகக் கிண்ணத்துக்குக் கட்டிய கொடி இன்னும் தொங்கியது. ஒக்டோபர் முடியப்போகிறது.

கார் கட்டும் யோசனை யூட்சனுடையது. வண்டுபோல் முதுகு வளைந்த பழைய வொக்ஸ்வாகன் கேஃபர் ஒன்றை வாங்கி, மேற்பகுதியைக் கழற்றிவிட்டு, அதன் அடித்தட்டிலும் எஞ்சினிலும் கண்ணாடியிழைக் கூடொன்றைப் பொருத்தினால் கூரையில்லாத பகி என்ற உல்லாசக் கார் ஒன்று கிடைக்கும். பொறியியல் படித்த நாளிலிருந்தே அவனுக்கு அந்த ஆசை இருந்தது. ஆனால் எந்தக் கேஃபரை வாங்குவதென்று தீர்மானித்தவள் லவினியா. அவள் பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்தாள். பார்க்கப்போன ஒவ்வொரு காரின் கீழும் தவழ்ந்துபோய், ஸ்குறூட்றைவரால் அடித்தட்டைக் குத்திக் குத்திப் பார்த்தாள். பளபளவென்று நின்ற ஒரு சிவப்புக் காரை, வேர்வரைக்கும் சொத்தை என்று சொல்லித் தள்ளிவிட்டாள். கடைசியில் நிறம் மங்கிய, எஞ்சின் ஓடாத ஒன்றைத் தேர்ந்தாள். எஞ்சின் எங்கேயும் வாங்கலாம், தட்டும் பத்திரங்களும் சரியாக இருந்தால் போதும் என்றாள். அந்தக் கேஃபர் இப்போது ஐஃபல் மலைக்கிராமம் ஒன்றில், வீகாண்டின் பட்டறையில் நின்றது.

கூட்டைத் தேர்வதில்தான் இழுபறி. கட்டையான கூட்டில் இரண்டே இருக்கைகள். அதற்கு அடித்தட்டின் நடுவில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைய வெட்டியெடுத்து, மீதியை உருக்கி ஒட்டவேண்டும். நீளமான கூட்டுக்கு எதையும் வெட்டத் தேவையில்லை. பின்னாலும் இருவர் இருக்கலாம். வசந்தத்தில் லவினியா கட்டையானதைத்தான் கேட்டாள். பின்னால் இடம் இருந்தால் அண்ணன் குடும்பமாக ஏறிவிடுவான் என்றாள். ஓகஸ்டில், இனி மருந்து கொடுத்துப் பயனில்லை என்று வைத்தியர் சொன்ன பிறகு, நீளமானதுக்கு மாறிவிட்டாள். ஏன் மாறினாள் என்று யூட்சனுக்குத் தெரியும். அதனால்தான் அவன் இன்னும் சம்மதிக்கவில்லை.

“நாளைக்கு வெட்டப்போறார் என்ன?” என்றாள் லவினியா.

“கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் ஒண்டும் சொல்லேல்லை.”

“நீளமானதைச் சொல்லுங்கோ.”

“அது வடிவில்லை. குளிக்கிற தொட்டி மாதிரி.”

“தொட்டியெண்டா என்ன. நாலு பேர் குளிக்கலாம்.”

சிரித்தபோது அவளுடைய உதடு வெடித்தது. அவன் பஞ்சால் ஒற்றினான்.

“பின்னுக்கு ஆர் இருக்கிறது, லவி?”

“முதல்லை உங்கடை அம்மா. ஹெல்மெட் போட்டுக்கொண்டு.” மூச்சு வாங்கினாள். “பிறகு உங்களுக்குப் பக்கத்திலை வேறை ஆரும் வருவினம். சின்னாக்களும் வருவினம்.”

செபமாலை நின்றது. பிறேமா தலையை நிமிர்த்தவில்லை.

“கதைக்காதையும். களைக்கும்,” என்றான் யூட்சன்.

“நீங்கள் ஓம் எண்டு சொல்லுங்கோ. நான் கதைக்கேல்லை.”

அவன் பஞ்சுக்குச்சியை மறுபடி சாற்றில் தோய்த்தான். அதிகமாகத் தோய்த்துவிட்டான். கிண்ணத்தின் விளிம்பில் வழித்தான். அவள் காத்திருந்தாள். பிறகு வாயைக் கொஞ்சம் திறந்தாள். அவன் நனைத்தான்.

“சொல்லேல்லை,” என்றாள்.

அதன் பிறகு அவள் பேசவில்லை.

மாலையில் மூச்சுகளுக்கு இடையே இடைவெளி கூடியது. ஒவ்வொரு முறையும் அவன் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தான். ஒருமுறை அது வரவில்லை. அவன் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

தாதி வந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு யன்னலை அகலத் திறந்துவிட்டாள். உயிர் போவதற்கு வழிவிடும் வழக்கம் இங்கே உண்டு. பிறேமா எழுந்துபோய் யன்னலை மூடினார்.

“மழைக்காத்து. பிள்ளைக்குக் குளிரும்.”

தாதிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் மறுபடி திறக்கவில்லை.

லவினியாவின் அண்ணன் றெஜினோல்ட் கொலோனிலிருந்து வந்தான். காலைவரை உடலை அறையிலேயே வைத்திருக்கலாம் என்று கேட்டறிந்தான். பங்குச் சுவாமிக்கும் மன்னாருக்கும் ரொறன்ரோவுக்கும் தொலைபேசி எடுத்தான். எந்தச் சேலை உடுத்துவது என்று யூட்சனிடம் கேட்டான். யூட்சன் தெரியாது என்றான். றெஜினோல்ட் இரண்டாம் முறை கேட்கவில்லை.

கைபேசி மறுபடி அதிர்ந்தபோது யூட்சன் அதை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தான்.

இந்த நேரத்தில் தொந்தரவு செய்வதற்கு வீகாண்ட் மன்னிப்புக் கேட்டார். தட்டை உருக்கி ஒட்டுகிறவர் நாளைக்கு மட்டும்தான் வருகிறாராம். நாளைக்கு வெட்டாவிட்டால் இனி வசந்தத்தில்தான் முடியும். வெட்டிவிட்டால் பிறகு யோசிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவைத்தார். கட்டையா, நீளமா?

யூட்சன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெட்டினால் அது இரண்டு பேருக்கான கார். அவனும் லவினியாவும்.

பின்னால் கதவு திறந்து மூடியது. பிறேமா வந்து நடையில் கிடந்த நாற்காலிகளில் ஒன்றில் கைப்பையை வைத்துவிட்டு, அடுத்ததில் அமர்ந்தார்.

“வெட்டச் சொல்லாதையும், தம்பி.”

அவன் திரும்பினான்.

“மாமி, அவ என்னத்துக்குச் சொன்னவ எண்டு…”

“எனக்கு விளங்கினது.” அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பெத்தனான். எனக்கு விளங்காதே? அவள் கேட்டவள். நீர் மறுமொழி சொல்லேல்லை.”

லைனில் இருக்கிறீர்களா என்று வீகாண்ட் கேட்டார்.

“நீளமானது,” என்றான் யூட்சன். “வெட்ட வேண்டாம்.”

வீகாண்டுக்குச் சந்தோஷம். கார்ப் பரிசோதனைக்காரர்களின் கரைச்சலும் குறையும் என்றார். இன்று அடித்தட்டை முழுக்கச் சுரண்டிப் பார்த்தாராம், ஓர் ஓட்டைகூட இல்லையாம். மனைவிக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னார்.

சொல்கிறேன் என்றான் யூட்சன்.

கைபேசியைச் சட்டைப் பையில் போட்டான். உள்ளே றெஜினோல்ட் யாருக்கோ திரும்பவும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். யூட்சன் நடையின் நடுவில் நின்றான். பிறேமா பக்கத்து நாற்காலியிலிருந்த தன் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.