பாதித் தலை

“கைய எடு காந்தி.”

பெஞ்சில் கிடத்தியிருந்த துரைராஜின் தலைமாட்டில் அவருடைய தங்கை காந்திமதி குனிந்திருந்தாள். ஒரு கையில் கொட்டாங்கச்சி, அதில் மிச்சமிருந்த டை. இன்னொரு கையில் பழைய பல் பிரஷ்.

“இன்னா அண்ணி இது, ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ள. ஊரே வந்து பாக்கப்போவுது. சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிக்கட்டும்” என்றாள் திலகவதி.

காலையில் கொல்லைக் கல்லில் உட்கார்ந்து டை அடித்துக்கொண்டிருந்தவர், இடது பக்கம் முடித்து வலது பக்கத்துக்குக் கையைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆட்டோ நெய்வேலி போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. காண்ட்ராக்ட் கைமாறும்போதெல்லாம் கேட்டில் நிறுத்தி ஆள் பொறுக்குவார்கள். நரை தெரிந்தால், ‘பெருசு, ஓரமா நில்லு.’ நாளைக்கும் அப்படி ஒரு நாள். நேற்று டை பாக்கெட்டோடு வந்தவர், “இந்தத் தடவ உட்டுட மாட்டாங்க திலகா, பர்மனென்ட் ஆக்கப் பேரெல்லாம் மேல போயிருக்குது” என்றார். மகன் சிலம்பரசன் பால் மறந்த வருஷத்திலிருந்து இதே பேச்சு. சுவருக்குப் பூச்சா, பர்மனென்ட் ஆவட்டும். பாத்ரூமுக்குக் கதவா, பர்மனென்ட் ஆவட்டும். திலகவதி இன்றைக்கும் பழம்புடவையைத் திரையாகக் கட்டித்தான் குளிக்கிறாள்.

மதியம் மணிமாறன் மாலையோடு வந்தான். காண்ட்ராக்டர்கள் மாறினாலும் மாறாத சூப்பர்வைசர். ஆள் பொறுக்குபவன் அவன்தான். மாலையைக் கால்மாட்டில் வைத்துவிட்டு நகரப் பார்த்தான்.

“இந்தப் பக்கமா வாங்க சார். வெள்ளத் தல பக்கம் நின்னு போடுங்க. இத நீங்க பாத்ததில்லல்ல?”

“அண்ணி…” காந்திமதி முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

மணிமாறன் வந்து நின்று போட்டான். “தங்கமான மனுசன்மா. தம்பிய உட்டுட மாட்டோம். நாளைக்குத்தான் ஆளெடுக்கறது, ஒரு எட்டு வந்து மொகத்த காட்டிட்டுப் போவட்டும். சின்ன வயசு. சீக்கிரம் பர்மனென்ட் ஆயிடலாம்.”

காலையிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்த சிலம்பரசன் தலை நிமிர்ந்தான். அந்தப் பார்வை திலகவதிக்குத் தெரியும். நேற்று டை பாக்கெட்டைப் பிரிக்கும்போது துரைராஜின் முகத்தில் இருந்தது.

“இவன் வரமாட்டான்.”

“யம்மா, நீ சும்மா இரு” என்றான் சிலம்பரசன். தூக்குவதற்கு முன் கொஞ்ச நேரம் அவனைக் காணவில்லை. கொல்லையில் நிற்கிறான் என்றார்கள். அழுகிறான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

பாடை தெருமுனை தாண்டியதும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். காந்திமதியின் கையிலிருந்த வாளியைத் திலகவதி வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

கல்லின்மேல் காந்திமதி கொண்டுபோய் வைத்திருந்த கொட்டாங்கச்சியில் டை காய்ந்து வெடித்திருந்தது. கீழே துரைராஜின் சேஃப்டி ஷூ. நேற்று ஷிப்ட் முடிந்து நிலக்கரிச் சேற்றோடு கழற்றிப் போட்டது. இப்போது சேறு துடைத்து, கயிறு கோத்து, ஜோடியாக வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், துடைத்துக் கறுத்துப்போன சிலம்பரசனின் பனியன்.

“அங்க இன்னா அண்ணி பண்ற? வூட்ட கழுவ வேணாமா?”

திலகவதி வாளியைத் தூக்கினாள். குனிந்து ஒரு ஷூவில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினாள். பிறகு இன்னொன்றில்.