மண் தொடாத படகு

சுங்கை லாலாங் தோட்டத்தில் லோகேஸ்வரி வாங்கிய புதுப் படகு தண்ணீரில் மிதக்காது, தரையில்தான் மிதக்கும். தரைக்கும் அதன் அடிப்பாகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். ஏறி உட்கார்ந்தாலும் அதே ஒரு சாண்தான், செம்பனைக் குலைகளை மலைபோல் குவித்தாலும் அதே ஒரு சாண்தான். அளந்து பார்க்க மூன்று பேர் வெவ்வேறு மாதங்களில் வந்தார்கள், மூவரும் ஒரே அளவைத்தான் எழுதிக்கொண்டு போனார்கள். படகு வந்த வருஷம் பழத்தின் விலை சுமாராக இருந்தது, மழை கொஞ்சம் அதிகம். அந்த இரண்டோடு இதையும் குறித்து வைக்க வேண்டியதுதான்.

லோகேஸ்வரியின் கணவன் புவனேசன் சுங்கைப்பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினேழு வருஷம் வேலை பார்த்தவன். கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் அவன் வேலை. நோய்க் காலத்தில் உலகமே கையுறை கேட்டது, அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட மறந்துபோனது. நோய் அடங்கியதும் உலகம் கையைக் கழுவிவிட்டது. ஒரு தொகையைக் கையில் கொடுத்து, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். லோகேஸ்வரி இருபத்தொரு வருஷமாகத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பழம் பொறுக்கியே அவள் இடுப்பு போயிருந்தது, அதுகூட அவளுக்குப் பெரிதில்லை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்பதும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தன் பெயரைக் கூப்பிடும்போது பள்ளிக்கூடப் பிள்ளைபோல “இருக்கேன்” என்று குரல் கொடுப்பதும்தான் அவளால் தாங்க முடியாதவை. நாற்பத்தாறு வயதாகிவிட்டது, இன்னும் தான் இருக்கிறேனா இல்லையா என்பதை இன்னொருவரிடம் ஒப்புவிக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வயிறு எரியும். புருஷனுக்குக் கிடைத்த தொகையைப் பார்த்ததும் அவள் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். இதை வைத்துச் சொந்தமாக ஒரு தொழில், அதன்பின் எந்தப் பெரட்டிலும் நிற்கக் கூடாது.

படகு என்ற யோசனை புவனேசனுடையது. சனி ஞாயிறுகளில் பினாங்கிலிருந்து தூண்டில்காரர்கள் காரில் வந்து, மெர்போக் ஆற்றில் படகு கிடைக்காமல் திரும்பிப் போவதை அவன் பார்த்திருந்தான். இரண்டு பேருக்கும் நீந்தத் தெரியாது. ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் கையுறையில் ஓட்டை பார்த்தவனுக்குப் படகில் ஓட்டை பார்க்கத் தெரியாதா என்று அவனுக்கு ஒரு தெம்பு.

முதலில் தஞ்சோங் டாவாயில் ஒரு பழைய படகைப் பார்த்தார்கள். ஊரார் மரியாதையாகப் ‘பாக் சிக்’ என்றழைக்கும் ஹம்சா என்ற மீனவர் மூட்டுவலியால் அதை விற்கப் போட்டிருந்தார். பத்து இடங்களில் ஒட்டுப் போட்டது, சாயம் உரிந்தது, உட்காரும் பலகையில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்திருந்தது. இருபது வருஷம் அந்த ஆற்றிலேயே கிடந்ததால் அதற்கு வழியெல்லாம் அத்துப்படி. இஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால், சியாக்காப் மீன் இருக்கும் இடத்துக்குத் தானே போய் நின்றுகொள்ளும். ஹம்சா ஒளிவுமறைவில்லாத மனுஷர், அதன் குறையையும் சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரத்தில் எங்கே இருந்தாலும் திரும்பி வந்து பள்ளிவாசல் படகுத்துறையான ஜெட்டியில் நின்றுவிடும், தொழுகை முடிகிறவரை யார் தள்ளினாலும் நகராது. அந்த நேரத்துக்கு வாடகை பேசாமல் இருந்தால் போதும், ஒரு மாதம் கூடவே வந்து ஆற்றையும் கற்றுக்கொடுக்கிறேன் என்றார். புவனேசன் படகைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டி, முகர்ந்து, ஒழுகாது என்று முடிவு கட்டிவிட்டான்.

மறுவாரம் அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் ஒரு கடையில் புதுப் படகைப் பார்த்தார்கள். வெள்ளை உடம்பில் நீலக் கோடு, இருக்கைகளின் மேல் பிரிக்காத பிளாஸ்டிக் உறை. லோகேஸ்வரி ஏறி உட்கார்ந்தாள், பிளாஸ்டிக் சரசரத்தது. அவள் அழுதுவிட்டாள் என்று புவனேசன் பிற்பாடு சொல்வான், அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். படித்த காலத்தில் அவளுக்கு வந்த புத்தகங்களில் வேறொருத்தி பெயர் இருந்தது. மிதித்த சைக்கிள் அக்காள் மிதித்துத் தேய்ந்தது. வீட்டுக் குளிர்பெட்டி மானேஜர் பங்களாவில் கழித்துப் போட்டது. கல்யாணமாகி முதன்முதலில் படுத்த கட்டிலே, தோட்டத்தில் மருந்து கொடுத்துவந்து செத்துப்போன டிரெசருடையது, அவர் இருமல் மாத்திரை வாசனை இரண்டு வருஷம் போகவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு புவனேசன் பழைய படகின் அருமையை மூன்று நாள் எடுத்துச் சொன்னான். அதற்கு ஆறு தெரியும், நமக்குத் தெரியாது, தெரிந்ததன் பின்னால் தெரியாதவன் போவதில் என்ன குறைச்சல் என்று கேட்டான். கேட்டது நியாயம்தான். ஆனால் நியாயம் பேசுகிறவனுக்கு மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

“ஒரு சாமானாவது எங்கிட்ட வந்து பழசாகட்டுங்க.”

புவனேசன் கையிலெடுத்த சோற்றைத் தின்று முடித்தான், மறுநாள் மெர்கோங்குக்குப் போய்ப் பணத்தைக் கட்டினான். பழைய படகை அவனோடு வேலை போன முகுந்தன் வாங்கிக்கொண்டான்.

இனி நடந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வதென்று தோட்டத்தில் இன்றுவரை பேசி முடியவில்லை. அங்கே மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் கார் வாங்கினாலும் முதல் வேலையாக எல்லையிலிருக்கும் முனீஸ்வரர் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போடுவார்கள். சுருட்டு, பூசணிக்காய், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். பூசாரி அம்மாசிக்கு வண்டிப் பூசைக்கென்று தெரிந்தது ஒரே வேண்டுதல்தான். மண்ணில் சாயாமல், பள்ளத்தில் விழாமல், நம் எல்லைக்குள்ளேயே ஓடிச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும் அப்பனே என்று உரக்கச் சொல்வார். ‘நம் எல்லைக்குள்ளேயே’ என்பது அவர் பிற்பாடு சேர்த்துக்கொண்டது. அவருடைய ஒரே மகன் நெடுஞ்சாலையில் மோட்டாரோடு விழுந்து இறந்துபோன பிறகு சேர்த்தது. அதற்கப்புறம் பத்தொன்பது வருஷமாக, பூசை போட்ட எந்த மோட்டாரும் எல்லைக் கால்வாய்க்கு இந்தப்பக்கம் விழவில்லை. சேற்றில் வழுக்கும், ஆடும், நிமிர்ந்துகொள்ளும். பையன்கள் அதைத் தங்கள் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

படகைத் தண்ணீரில் இறக்கிய பிறகு ஆற்றங்கரையில் பூசை போட்டிருக்கலாம். அது யாருக்கும் தோன்றவில்லை. வண்டி என்றால் முனீஸ்வரர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது. லாரியிலிருந்து பத்துப் பேர் படகை இறக்கிக் கோவில் வாசலில் வைத்தார்கள். சக்கரம் இல்லாததால் அம்மாசி ஒரு நிமிஷம் தயங்கி, காருக்கு வைப்பதுபோல் நான்கு மூலைக்கு நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். மோட்டாருக்குச் சொல்லும் அதே வேண்டுதலை எழுத்துப் பிசகாமல் சொன்னார். கற்பூரம் காட்டும்போதே படகு மெல்லத் தரையைவிட்டு எழும்பி ஒரு சாண் உயரத்தில் நின்றுகொண்டது. பழம் நான்கும் நசுங்காமல் கீழே கிடந்தன. சாமி நல்ல உத்தரவு கொடுத்துவிட்டார் என்று எல்லோருக்கும் சந்தோஷம். லோகேஸ்வரி அன்றைக்கு ஐம்பது பேருக்குச் சோறு போட்டாள். மறுநாள் பெரட்டுக்குப் போய், மண்டோர் அவள் பெயரைக் கூப்பிடுமுன்பே, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தச் சனிக்கிழமை படகை லாரி டிரேலரில் கட்டி ஆற்றுக்கு இழுத்தார்கள். எல்லைக் கால்வாயைத் தாண்டியதும் படகு தொப்பென்று டிரேலரில் உட்கார்ந்தது, டயர் இரண்டும் பிதுங்கின. ஜெட்டியில் இறக்கினார்கள். அது ஒரு நொடிகூடத் தயங்காமல், அம்மிக்கல் போட்டதுபோல் அடிக்குப் போய்விட்டது. தண்ணீருக்கடியில் நீலக் கோடு மட்டும் தெரிந்தது. கயிறு போட்டு மேலே இழுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை, இருக்கையின் பிளாஸ்டிக்கில் போன வாரத்துப் புழுதி அப்படியே இருந்தது. புவனேசன் பதினேழு வருஷத்து அனுபவத்தையும் திரட்டித் தடவித் தடவிப் பார்த்தான், ஓட்டை இல்லை. நான்கு சனிக்கிழமை இறக்கினார்கள், நான்கு சனிக்கிழமையும் அடிக்குப் போனது. ஹம்சா வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, படகில் ஒரு குறையும் இல்லை, தான் படகு என்பதுதான் அதற்குத் தெரியவில்லை என்றார். மெர்கோங் கடைக்காரர்கள் ஒழுகினால்தான் உத்தரவாதம், இது ஒழுகவில்லையே என்றார்கள். அதுவும் நியாயம்தான். அந்த வருஷம் முழுக்க லோகேஸ்வரிக்குக் கிடைத்ததெல்லாம் நியாயம்தான்.

அவள் அம்மாசியிடம் போனாள். வேண்டுதலைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் படகாகக் கொடுங்கள் என்று கேட்டாள். கிழவர் கோவில் வாசலில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தார்.

“எடுக்கலாம் தாயி. ஆனா எனக்குத் தெரிஞ்சது ஒரே வேண்டுதல்தான். உனக்கு மட்டும் எடுக்குறது எப்படினு தெரியல. எடுத்தா எல்லா மோட்டாருக்கும் சேர்த்துதான் போவும்.”

லோகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். கோவிலுக்கு எதிரே மண்பாதையில் பள்ளி விட்ட பிள்ளைகளும் வேலை விட்ட பையன்களும், ஒரு மோட்டாரில் மூன்று பேராக, தலைக்கவசம்கூட இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். எத்தனை மோட்டார் என்று அவள் எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவர்களில் ஒருவனும் அவளுக்குச் சொந்தமில்லை. இரண்டு பேர் அவள் வீட்டு மாங்காயைத் திருடுகிறவர்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி வாய்த்தது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அந்தப் பையன்கள்மேல், கிழவர்மேல், செத்துப்போன அவர் மகன்மேல்கூட வந்தது. எடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரை வந்தது. வேண்டாம் அண்ணே, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அவள் என்ன விட்டுக்கொடுத்தாள் என்று அந்தப் பையன்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் மாங்காயை விட்டிருக்கமாட்டார்கள்.

படகு வீட்டுப் பின்புறம் ஆறு மாதம் அந்தரத்தில் நின்றது. காற்றடித்தால் நகர்ந்துவிடுகிறது என்று மாட்டைக் கட்டுவதுபோல் முளையடித்துக் கட்டிப்போட்டார்கள். முகுந்தன் பழைய படகில் வாரத்துக்கு ஆறு நாள் தூண்டில்காரர்களை ஏற்றினான், வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிவாசல் ஜெட்டியில் படகோடு சேர்ந்து தூங்கினான். அவனுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, புவனேசன் போய்ச் சேர்ந்தான். கறுத்து, மீன் நாற்றத்தோடு, விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். அன்றைக்கே நான் சொன்னேனே என்று ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் அவள் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி, தட்டை விட்டெறிந்து, அதோடு முடித்திருப்பாள். அவன் சொல்லாமலே நல்லவனாக இருந்தது அவளுக்குப் பெரிய இம்சையாக இருந்தது. அந்த ஆறு மாதத்தில்தான் இரண்டு பேரும் தனித்தனி நேரத்தில் சாப்பிடப் பழகினார்கள்.

மழை வலுத்த மாதத்தில் தோட்டத்தின் தாழ்ந்த பகுதியில் டிராக்டர் இரண்டும் சேற்றில் புதைந்தன. வெட்டிய குலைகள் கிடந்து அழுகின. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சத்தியசீலன் லோகேஸ்வரி வீட்டுப் பின்புறம் வந்து, படகை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். சேற்றுக்கு மேலே அது சத்தமில்லாமல் போனது. அன்று சாயங்காலத்துக்குள் கிடந்த குலையெல்லாம் சாலைக்கு வந்துவிட்டது. மறுவாரம் டிராக்டர்களைப்போல் படகுக்கும் தோட்டப் பதிவில் ஓர் எண் விழுந்தது. இருக்கையைக் கழற்றினால் இன்னும் நிறைய ஏற்றலாம் என்றார்கள், கழற்றினார்கள். டிராக்டர் ஓட்டிய இரண்டு பேருக்கும் வேலை போயிற்று, அவர்கள் வீட்டுப் பெண்கள் லோகேஸ்வரியோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். படகோடு போய்க் குலை ஏற்றுவது இனி அவள் வேலை, மற்றவர்களைப்போல் அவளும் விடியுமுன் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும், படகை வெளியே கொண்டுபோக முடியாதபோது அவள் வேறெங்கே போவாள் என்று சத்தியசீலன் நயமாகத்தான் சொன்னார். முதல் நாள் மண்டோர் அவள் பெயரை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது “இருக்கேன்” என்றாள்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷமாகிறது. போன மாதம் அலோர் ஸ்டாரிலிருந்து ரூபினி என்ற பெண், தோட்டங்களில் ஓடும் வண்டிகளைக் கணக்கெடுக்க வந்தாள். படகைப் பார்த்ததும் குனிந்து, அடியில் கையை விட்டு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். மேலே ஏற்றிய குலைகளின் நடுவே லோகேஸ்வரி முள் குத்திய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபினி தாளைப் புரட்டி, கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

“வாங்கறப்ப இது புதுசாக்கா, பழசா?”

“தோட்டத்துதும்மா,” என்றாள் லோகேஸ்வரி.

அந்தத் தாளில் அப்படியொரு கட்டம் இல்லை. ரூபினி ஓரத்தில் அதை எழுதிக்கொண்டாள். பின்னால் ஆள் காத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, தன் காரைப் பாதையிலிருந்து ஒதுக்கிப் படகுக்கு வழி விட்டாள்.