நாற்பத்தெட்டுக் கட்டங்கள்

தார் இறக்கிய வாழையை ஓர் ஆள் இரண்டே வெட்டில் சாய்க்கிறான். தனப்பிரியா தன் முதல் அனிமேஷனுக்கு எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். பரமத்தி வேலூரில் பிறந்த பெண் வேறெதை எடுப்பாள்?

நாமக்கல் பயிற்சி மையத்தில் அக்சிலியா மிஸ் கறாரானவர். எக்ஸ்போஷர் ஷீட்டை நிரப்பாமல் ஒரு கோடுகூட வரையக் கூடாது. அது ஒரு நீளமான தாள். மேலிருந்து கீழாகக் கட்டங்கள். இருபத்து நாலு கட்டம் சேர்ந்தால் ஒரு செகண்ட். எந்தக் கட்டத்தில் எந்தப் படம் என்று எண் போட வேண்டும். ஆள் அசையாமல் நின்றால் புதுப் படம் வேண்டாம், பழைய எண்ணுக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும். யாராவது பேசினால் அதை எழுத ஓரத்தில் தனி வரிசை உண்டு.

தனப்பிரியா கையை ஓங்குவதற்கும் வெட்டுவதற்கும் ஒரே அளவு கட்டம் கொடுத்திருந்தாள். புதிதாகக் கற்பவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு.

"உன் ஆளு வெட்டல, விசிறி வீசறான். நீயே நடிச்சுப் பாரு. செல்போன்ல நேரம் எடு" என்று மிஸ் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதனால்தான் அன்று மதியம் வீட்டுக்குப் பின்னால் செல்போனைச் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டு, கையில் விறகுக் கட்டையோடு ஒரு வாழை மரத்தின் முன் நின்றாள். மறுநாள் அவள் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும்.

போன வருஷம் அவளுடைய அப்பா சென்னிமலை, கூடப்பிறந்த தம்பி தமிழரசுவை வெட்டிக் கொன்றார். இரண்டு பேருக்கும் பங்குக் கிணறு. ஒருநாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. தம்பியின் முறைநாளில் அண்ணன் மோட்டாரை நிறுத்தவில்லை. இதற்குப் போய் ஓர் உயிர்! நினைத்தால் வயிறு எரிகிறது. தம்பிதான் கொடுவாளோடு வந்தார், கைகலப்பில் அதைப் பிடுங்கி ஆத்திரத்தில் ஒரே மூச்சில் இரண்டு வெட்டு வெட்டினேன் என்பது ஜாமீனில் வந்திருக்கும் அப்பாவின் பேச்சு. பார்த்த ஒரே ஆள் தனப்பிரியா. 'ஒரே மூச்சுல நடந்துருச்சுங்க' என்று வக்கீல் சொல்லிக் கொடுத்ததை அம்மா சௌந்திரம் மூன்று வேளையும் ஒப்பிக்க வைத்தாள். ஒப்பித்து ஒப்பித்து அவளும் நம்பியிருந்தாள்.

கட்டையை ஓங்கினாள். பதினான்கு கட்டம். வெட்டு, மூன்று கட்டம். மறுபடி ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. பிறகுதான் இரண்டாவது வெட்டு விழுந்தது. வீடியோவில் பார்த்தால் நடுவில் முழுசாக இரண்டு செகண்ட். மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் அதே. எண்ணுக்குக் கீழே நாற்பத்தெட்டுக் கட்டத்துக்குக் கோடு இழுத்தபோதுதான் அன்று வாய்க்காலில் பார்த்தது அப்படியே திரும்பி வந்தது.

முதல் வெட்டில் சித்தப்பாவின் தோள் பிளந்தது. எலும்பு உடைந்த சத்தம் மோட்டார் ரூம் வரை கேட்டது. வாய்க்காலில் முழங்காலிட்டு விழுந்தார், தண்ணீர் சிவந்தது. ஒரு கை தொங்க, மறுகையைத் தூக்கி, "அண்ணா, உடுங்ணா. தண்ணிய நீங்களே பாச்சிக்குங்ணா" என்றார். அப்பா ஓங்கியபடி நின்றார். தலையைத் திருப்பி மோட்டார் ரூம் வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் கழுத்தில் போட்டார்.

"என்ன புள்ள பண்ற?"

தொழுவத்துப் பக்கமிருந்து அப்பா வந்துகொண்டிருந்தார். ஓங்கிய கட்டையோடு அவள் நின்றதை அவரும் பார்த்திருக்க வேண்டும். தாளை எடுத்தார்.

"இந்தக் கோடு என்ன?"

"அங்க ஆளு சும்மா நிக்கறாருங்ப்பா."

"எத்தன நேரம்?"

"ரெண்டு செகண்டுங்க."

அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இடது கன்னத்தில் ஓர் அறை, வலது கன்னத்தில் ஓர் அறை. உதடு கிழிந்தது. துவைக்கிற கல்லில் நெற்றி மோதிக் கீழே விழுந்தவளை முதுகில் மிதித்தார். தாளைக் கிழித்து அவள்மேல் எறிந்தார்.

"ஒரே மூச்சுல. சொல்லு புள்ள! ஒரே மூச்சுல!"

அம்மா ஓடி வந்தாள். "மூஞ்சில அடிக்காதீங்க! நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகோணும்" என்று கத்தினாள். பெற்றவளுக்கு அந்த நேரத்தில் வந்த கவலை அது!

இரண்டு அறைக்கும் நடுவே ஆறு கட்டம்கூட இல்லை. ஆத்திரத்தில் அப்பா அடித்தால் எப்படி இருக்கும் என்று தனப்பிரியாவுக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது.

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு புதுத் தாளை எடுத்தாள். அதே எண்களைப் போட்டாள், அதே கோட்டை இழுத்தாள். பேச்சு வரிசையில் சித்தப்பா சொன்னதை எழுதினாள். அதற்குப் பிறகு அந்த வரிசை காலியாகக் கிடந்தது. செல்போனில் நேரம் வைத்து, கிழிந்த உதட்டால் மெதுவாக 'அப்பா' என்று சொல்லிப் பார்த்தாள். அரை செகண்ட். பன்னிரண்டு கட்டம். அதன் பிறகு அவள் அழுத அழுகையை அடி வாங்கியபோதுகூட அழவில்லை.

மறுநாள் கோர்ட்டில், வீங்கிய முகத்தைப் பார்த்தும் பார்க்காதவர் போல அப்பாவின் வக்கீல் கேட்டார்: "ரெண்டு வெட்டும் ஒரே மூச்சுல விழுந்துச்சு, அப்படித்தானே?"

"இல்லீங்க" என்றாள் தனப்பிரியா. "நடுவுல ரெண்டு செகண்டுங்க. சித்தப்பா கையில ஒண்ணுமில்லீங்க, உடுங்ணான்னு கெஞ்சுனாருங்க. அப்பா என்னையப் பாத்துக்கிட்டே நின்னாருங்க. அந்த நேரத்துல நான் அப்பான்னு நாலு தடவ கூப்பிட்டிருக்கலாமுங்க. ஒரு தடவகூடக் கூப்பிடலீங்க."

கூண்டுக்குள் சென்னிமலை தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார், அன்று வாய்க்காலில் நின்று பார்த்த அதே பார்வை.

"அப்பா!" என்று அப்போதுதான் அவள் கூப்பிட்டாள். கோர்ட்டு வராந்தா வரைக்கும் கேட்டது.