படகை ஏன் திருப்பினேன்

நாங்கள் ஆற்று ஆட்கள். சட்டையைக் கழற்றினால் முதுகெல்லாம் செதில். மற்றபடி உங்களைப் போலத்தான்: வாடகை வீடு, ஒரு மரக்கட்டில், மூடினாலும் ஒழுகுகிற குழாய். இன்னொன்றும் உண்டு. பலகையில் வெறுங்கால் வைத்தால், அதே பலகையில் இருப்பவரின் நெஞ்சுத் துடிப்பு எங்கள் பாதத்துக்குத் தெரியும். இதை மரத்து ஆட்களிடம் சொல்ல மாட்டோம். சொன்னால் எவன் படகில் ஏறுவான்?

என் நண்பன் மரத்து ஆள். அக்கரைத் தோப்பில் பழம் பறிப்பவன். ஒன்பது வருடமாகத் தினமும் மத்தியானம் படகோரம் வந்து பையை நீட்டுவான்.

"இது உனக்கு. இது தங்கச்சிக்கு. வழியில இதுல கைவச்சே, செதில உரிச்சிருவேன்."

அந்தத் தங்கச்சிக்கு, என் மனைவிக்கு, நோய் வந்தது. செதில் ஒவ்வொன்றாக உதிர்ந்து, விடிந்தால் மெத்தையில் ரத்தம். கடைசியில் மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் கட்டிலில் படுத்தாள். வைத்தியர் பார்த்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்: "பழம் தின்னு வளர்ந்த மரத்தாளோட நெஞ்சு. சூடு ஆறுறதுக்குள்ள தின்னணும். வேற மருந்து இல்ல."

அவள் ஜன்னலில் தொங்கிய பழப்பையைப் பார்த்தாள்.

"அந்த அண்ணனைக் கூட்டிட்டு வாங்க."

"என்னடி பேசுற? ஒன்பது வருஷமா அவன் குடுத்ததைத் தின்னுட்டு..."

"தெரியுதுங்க. எனக்குச் சாகப் பிடிக்கல. அவ்ளோதான்."

மறுநாள் கத்தியைத் தீட்டி, படகில் தண்ணீர் இறைக்கும் வாளிக்கு அடியில் வைத்தேன்.

"தங்கச்சி உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டா" என்றேன்.

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா மகராசிக்கு?" என்று சிரித்தான். குளித்துவிட்டு, யாரிடமோ இரவல் வாங்கிய சட்டையோடு வந்தான். அதில் ஒரு பொத்தான் இல்லை. அந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

நடு ஆற்றில், "அடடா, வெறுங்கையோட வந்துட்டேன் மச்சான். பழம்கூட எடுத்து வரல" என்றான்.

என்னால் முடியவில்லை. துடுப்பை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாளி, கத்தி, வைத்தியர் சொன்னது.

அவன் வாளியைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"அட மடையா, இதைக் கிளம்பும்போதே சொல்றதில்லையா? மரமேறும்போது நெஞ்சு படபடன்னு அடிச்சா பிடி நழுவும்ல? அதனால கழட்டிக் கிளையில தொங்கவிட்டுருவோம். இன்னிக்கு நீ அவசரப்படுத்துனதுல திரும்ப மாட்ட மறந்துட்டேன். படகைத் திருப்பு, எடுத்துத் தர்றேன். தங்கச்சிக்கு இல்லாததா?"

என் பாதத்தின் கீழே பலகை அதிர்ந்தது. எத்தனையோ பேரை ஏற்றியிருக்கிறேன். ஒரு நெஞ்சு அப்படி அடித்து நான் உணர்ந்ததே இல்லை. ஆனால் முகத்தில் சிரிப்பை விடவில்லை அவன். நான் அந்த முகத்தை மட்டும் பார்த்தேன்.

"அப்படியா? சரி" என்று படகைத் திருப்பினேன்.

கரை தட்டியதும் பாய்ந்து மரமேறினான். இரவல் சட்டை கிளையில் மாட்டிக் கிழிந்தது. "முட்டாப்பயலே! நெஞ்சைக் கழட்டி வைக்க முடியுமாடா?" என்று தோப்புக்கே கேட்கும்படி கத்தினான். கத்தும்போது குரல் உடைந்தது. தோப்பே சிரித்தது.

வீட்டில் அவள் எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கழுவிய கிண்ணம். என் வெறுங்கையைப் பார்த்தாள். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொன்னேன்.

"ஏமாத்திட்டான்டி. நெஞ்சு மரத்துல இருக்குன்னான். நான் நம்பிட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். அவளுடைய குதிகால் கட்டில் பலகையில் இருந்தது. நான் உட்கார்ந்திருந்ததும் அதே பலகை.

அவள் காலை எடுக்கவில்லை. கண்ணை மூடி, வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"பாவம், ஏமாந்துட்டீங்க" என்றாள். "யாரு கேட்டாலும் இதையே சொல்லுங்க."

கிண்ணத்தை அவளே எட்டித் தரையில் வைத்தாள். பதினோரு நாள் இருந்தாள். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

இப்போது வேறு ஊர், வேறு ஆறு. இங்கேயும் அந்தக் கதை வந்து சேர்ந்துவிட்டது. படகில் அம்மாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். நெஞ்சை மரத்தில் விட்டுவிட்டேன் என்றதும் நம்பிய மடையனை நினைத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. நானும் சிரிக்கிறேன்.

செருப்பைக் கழற்றாமல்தான் துடுப்பு போடுகிறேன்.